மூன்றாவது அடி

பாதை தொடங்கும் இடத்தில் நட்டிருந்த அறிவிப்பில் "எளிது" என்று போட்டிருந்தது. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. சதுப்பின் நடுவே, நாணலுக்கும் கறுத்த தண்ணீருக்கும் மேலே ஒரு மைல் நீளத்துக்கு மரப்பலகை பாவிய நடை. இரண்டு பக்கமும் இடுப்பளவு கைப்பிடி. முதலை கிடக்கும் தண்ணீரில் குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது என்று கைப்பிடிக்குக் கீழே கம்பி வலை. அந்த வலையை அடித்தவள் வெல்டா ரிஷார். லூயிசியானாவின் தென்கோடியில் இருந்த அந்தச் சரணாலயத்தில் பத்தொன்பது வருஷமாகப் பாதைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தச்சு, புல்வெட்டு, குளவிக்கூடு கலைப்பது எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். சக்கர நாற்காலியில் போகிறவர் கையில் இருக்கும் காப்பி தளும்பக் கூடாது என்பது அவளாக வைத்துக்கொண்ட அளவுகோல்.

அக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. பறவை பார்க்கும் மேடைக்கு நூறடி தள்ளி மண்டியிட்டு, உளுத்துப்போன ஒரு பலகையை மாற்றி முடித்திருந்தாள். அப்போது கில்லரி தம்பதியர் வந்தார்கள். பிளாசிட் கில்லரி எண்ணெய்க் கிணற்று மேடையில் சங்கிலி அறுந்து விழுந்ததில் இரண்டு காலையும் முட்டிக்குக் கீழே இழந்தவர். வயது எழுபது. அவரைத் தள்ளிக்கொண்டு வந்த மனைவி நெட்டி அவரைவிட நான்கு வயது இளையவள். வாரா வாரம் வருகிறவர்கள்.

"என்ன மிஸ் வெல்டா, வயசானது பலகைக்கா, உங்களுக்கா?" என்றார் பிளாசிட்.

"ரெண்டுக்குந்தான். பலகையாவது மாத்தலாம்."

"இவரு பேச்ச விடுங்க," என்றாள் நெட்டி. "கரண்டிவாயன் பறவ வந்திருக்கா?"

"நேத்து பதினொண்ணு எண்ணினேன். மேடைக்கு வடக்கால. சத்தமில்லாம போனா நிக்கும்."

"இவரக் கூட்டிக்கிட்டு சத்தமில்லாம போறதா," என்று சொல்லிவிட்டு நெட்டி நாற்காலியைத் தள்ளினாள். புதுப் பலகைமேல் சக்கரம் ஏறியது தெரியவே இல்லை. வெல்டா அதைக் கவனித்தாள்.

அவர்கள் மேடையை அடைந்து பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தெற்கே, சதுப்பை ஒட்டி வண்டி போகிற மண்கரைப் பக்கத்திலிருந்து நாய் குரைத்தது.

ஒரு நாய் இல்லை, மூன்று. ஓடிக்கொண்டே குரைக்கிற குரல்கள். அதில் ஒன்று உடைந்த குரல், குரைப்பின் கடைசியில் கீச்சென்று இழுக்கும். அந்த நாயை அது குட்டியாக இருந்தபோதிலிருந்து வெல்டாவுக்குத் தெரியும். அவள் தம்பி ஓவியின் நாய்.

சரணாலயத்துக்குள் நாய் கொண்டுவருவது குற்றம். நாயை விட்டுப் பன்றி பிடிப்பது அதைவிடப் பெரிய குற்றம். ஓவிக்கு அதெல்லாம் தெரியும். "ஊரே பன்னிய திட்டுது, கரைய எல்லாம் தோண்டிப் போடுது. நான் புடிச்சா மட்டும் தப்பா?" என்று கேட்பான். மார்ச் மாதம் கரையில் அவன் வண்டியின் சக்கரத் தடத்தையும் நாய்க் கால் தடங்களையும் வெல்டா பார்த்தாள். வனக்காவலரிடம் சொல்லவில்லை. மறுநாள் அவள் வீட்டு வாசலில் காகிதத்தில் சுற்றிய பன்றிக் கறித் தொத்திறைச்சி இருந்தது. அதையும் தின்றாள்.

இப்போது குரைப்பு நெருங்கியது. நாணல் முறிகிற சத்தம் கேட்டது. மேடைக்கு அந்தப் பக்கம், கரையிலிருந்து நடைபாதைக்கு ஏற ஒரு சரிவு உண்டு. அதில் குளம்புகள் தடதடவென்று ஏறியதும் பலகை முழுக்க அதிர்ந்தது. வெல்டாவின் முட்டி வரைக்கும் அந்த அதிர்வு வந்தது.

"மிஸ் நெட்டி," என்று கத்தினாள். "பன்னி. அவர மூலைக்குத் தள்ளுங்க."

எழுந்து ஓடினாள். ஒரு கையில் கடப்பாரை. சுத்தியல் இடுப்பு வாரில் இடித்துக்கொண்டே வந்தது.

ஆண் பன்றி. முந்நூறு பவுண்டுக்குக் குறையாது. ஒரு காது கிழிந்து தொங்கியது. தண்ணீருக்குப் பாய இடம் தேடி அது இரண்டு பக்கமும் முட்டியது. கம்பி வலை விடவில்லை. பின்னால் நாய்கள், இரண்டு பக்கம் வலை. அதற்கு இருந்தது ஒரே வழி, முன்னால். முன்னால் இருந்தவர்கள் நெட்டியும் பிளாசிட்டும்.

நெட்டி நாற்காலியைத் திருப்பப் பார்த்தாள், நேரமில்லை. தொலைநோக்கி நிறுத்தும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். பன்றி தலையைத் தாழ்த்தியது, முக்காலி பறந்தது. தலையை ஒரு வெட்டு வெட்டி மேலே தூக்கியது, அவ்வளவுதான். நெட்டி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். இடது தொடையில் கால்சட்டை வாய் திறந்திருந்தது. உள்ளே சதையும் திறந்திருந்தது.

பன்றி மறுபடியும் குனிந்தபோது பிளாசிட் நாற்காலியிலிருந்து குனிந்து அதன் நல்ல காதைப் பிடித்தார். நாற்பது வருஷம் தன் உடம்பைத் தானே தூக்கி இறக்கிய கைகள் அவருடையவை. பன்றி அவரையும் நாற்காலியையும் சேர்த்து இழுத்தது. அவர் விடவில்லை.

"அடிங்க," என்றார் வெல்டாவைப் பார்த்து. கத்தக்கூட இல்லை. "அடிங்க, அடிங்க."

வெல்டா கடப்பாரையைத் தலைக்குமேல் ஓங்கி முதுகில் இறக்கினாள். பாறையில் அடித்த மாதிரி கை விறைத்தது. மறுபடி கண்ணுக்குப் பின்னால் அடித்தாள். பன்றி பிளாசிட்டை உதறிவிட்டு அவள் பக்கம் திரும்பியது. அதன் மூச்சு அழுகிய வேர் நாற்றம் அடித்தது. கடப்பாரையைக் குறுக்கே பிடித்தாள். பன்றி கடப்பாரையோடு சேர்த்து அவளைத் தள்ளிக் கைப்பிடியில் அறைந்தது. விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கோரைப்பல் பூட்ஸின் மேல்தோலைக் கிழித்துக் கெண்டைக்காலைத் தொட்டது.

அதற்குள் நாய்கள் வந்துவிட்டன. ஓவியின் பிடிநாய் பிஸ்கட் முதலில் பாய்ந்தது. மார்பில் தடித்த துணிக் கவசம் கட்டிய குட்டையான வெள்ளை நாய். கிழிந்த காதையே கவ்வித் தொங்கியது. பன்றி சுழன்றது. நாயின் உடம்பு வலையில் மோதியது, மறுபடி மோதியது. நாய் பிடியை விடவில்லை. உடைந்த குரல் நாயைப் பன்றி ஒரே உதறலில் வயிற்றைக் கிழித்துப்போட, அது பலகைமேல் குடல் இழுபட நாலடி நடந்து படுத்துவிட்டது.

ஓவி ஓடி வந்தான். முழங்கால் வரை சேறு. யாரையும் பார்க்கவில்லை. பன்றியின் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தான், முதுகில் முட்டியை ஊன்றினான், இடுப்புக் கத்தியை முன்னங்காலுக்குப் பின்னால் கைப்பிடி வரை இறக்கித் திருகினான். பன்றி அலறியது. மனுஷக் குரல் போலவே இருந்தது. கால்கள் பலகையை உதைத்து உதைத்து ஓய ஒரு நிமிஷம் ஆனது.

அப்புறம்தான் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

வெல்டா ஏற்கெனவே நெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். தொடையிலிருந்து ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பீறிட்டது. தன் தோல் வாரை உருவி, காயத்துக்குமேல் சுற்றி, சுத்தியல் காம்பைச் செருகித் திருகினாள். நெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு மேடையின் கூரையைப் பார்த்தாள். பீறிடுவது கசிவாகக் குறைந்தது. காம்பு ரத்தத்தில் வழுக்கி நிற்கவில்லை; சுத்தியலை உருவிவிட்டு, திருகின வாரின் நுனியை நெட்டியின் கையிலேயே கொடுத்தாள்.

"இத விடாதீங்க. என்ன ஆனாலும் விடாதீங்க."

"விடல," என்றாள் நெட்டி.

அந்தச் சதுப்பில் கைப்பேசி எடுக்காது. வெல்டா சட்டைப் பையிலிருந்த வாக்கி-டாக்கியை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். ஓவியின் கை குறுக்கே வந்து அதைப் பறித்தது. கைப்பிடிக்கு மேலே வீசினான். தண்ணீரில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"வெல்டா, இங்க பாரு," என்றான். மூச்சு வாங்கியது. "நான் பரோல்ல இருக்கேன். வண்டில துப்பாக்கி வேற கெடக்கு. மாட்டினா அஞ்சு வருஷம். பன்னிய இழுத்துட்டுப் போயிடறேன். ரோட்டுக்குப் போயி நானே ஆம்புலன்சுக்குப் போன் பண்றேன். காட்டுப்பன்னி வந்து குத்திடுச்சுன்னு சொல்லு. பொய்யா சொல்லப் போற, நெஜந்தானே?"

"உன் வண்டி எங்க?"

"கரையில."

"சாவியக் குடு. இவங்கள ஏத்திட்டுப் போறேன்."

"என் வண்டியிலயா? நாய்க்கூண்டு, துப்பாக்கி, ரத்தம் எல்லாத்தோடயும் ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோயி நிறுத்தப் போறியா?"

"என் வண்டி அரை மைல் தள்ளி நிக்குது. உன்னோடது எரநூறு கஜம். குடு ஓவி."

பிளாசிட் நாற்காலியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "தம்பி, நான் உங்க மூஞ்சியப் பாக்கல. பேரும் கேக்கல. சாவிய மட்டும் குடுங்க."

ஓவி அவரைப் பார்த்தான். ஒரு கணம் யோசித்தது போல இருந்தது. பிறகு இடுப்பில் தொங்கிய சாவியைக் கழற்றினான். நீட்டுவான் என்றுதான் வெல்டா நினைத்தாள். அவன் அதை வலது முஷ்டிக்குள் மூடிக்கொண்டு, இடது கையால் பன்றியின் காலைப் பிடித்தான்.

"இருபது நிமிஷம் குடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

"அவங்களுக்கு இருபது நிமிஷம் இல்ல."

"எப்பவும் ஒனக்கு அடுத்தவங்கதான். கூடப் பொறந்தவன் எப்பவும் குப்பதான்."

வெல்டா கிட்டப் போய் அவன் முஷ்டியைப் பிரிக்கப் பார்த்தாள். அவன் முழங்கையால் அவள் முறிந்த விலாவில் குத்தினான். எங்கே குத்துகிறோம் என்று தெரிந்தேதான் குத்தினான். அவள் கண்ணில் இருட்டு வந்து போனது. கைப்பிடியைப் பிடித்து நின்றாள். கீழே சுத்தியல் கிடந்தது. எடுத்தாள்.

முதல் அடி அவன் முன்கையில் விழுந்தது. அவன் நம்பவில்லை. அடிபட்ட கையைக் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். "அடிச்சிட்டியா," என்றான். மூடிய முஷ்டி அந்த மரத்தின்மேல்தான் இருந்தது. இரண்டாவது அடியை அவள் பார்த்து அடித்தாள். விரல்கள் திறந்துகொண்டன. சாவி பலகையில் விழுந்தது. அவன் முட்டி போட்டுச் சரிந்தான். அவள் காலால் சாவியை இழுத்துக் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். சாவி அவள் இடது கையில் இருந்தது. அவன் கை பலகைமேல் விரிந்து கிடந்தது. இன்னும் அவன் பேசிக்கொண்டிருந்தான், அவளைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், அம்மா வீட்டை விற்கிற பேச்சில், அந்தக் கைதான் அவள் வாயில் இறங்கியது. இரண்டு பல் போனது. ஈரப் பலகையில் வழுக்கி விழுந்தேன் என்று பல் டாக்டரிடம் சொன்னாள், அலுவலகத்தில் சொன்னாள், அம்மாவிடமும் சொன்னாள். மூன்றாவது முறை சுத்தியல் இறங்கியது. இந்தத் தடவை எலும்பு நொறுங்கியது. ஓவி பன்றியைப் போலவே கத்தினான்.

திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. பிளாசிட் தானாகவே பலகைமேல் இறங்கி உட்கார்ந்திருந்தார், கையால் உந்திக்கொண்டு.

"அவள ஏத்துங்க," என்றார். "என்னத் தூக்கிட்டுப் போயி என்ன பண்ணப் போறீங்க?"

"நீங்க தனியா இவன்கூட..."

"கத்தி எங்கிட்ட இருக்கு." பன்றியின் உடம்பிலிருந்து அதை உருவி மடியில் வைத்திருந்தார். "போங்க."

இருவருமாக நெட்டியை நாற்காலியில் ஏற்றினார்கள். வெல்டா தள்ளினாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவில் ஆணி இறங்கியது. பலகை எங்கும் தடுக்கவில்லை. சரிவில் இறங்கும்போது மட்டும் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக, தன் முதுகை முட்டுக்கொடுத்து இறக்கினாள்.

வண்டியின் முன் இருக்கையில் நெட்டியை ஏற்றுவதற்குள் அவள் உதடு வெளுத்துவிட்டது. கால் வைக்கும் இடத்தில் ஓவியின் காலை உணவு காகிதத்தில் பாதி கிடந்தது, பக்கத்தில் துப்பாக்கி. கரைமேல் வண்டி எகிறி எகிறி ஓடியது.

"பேசுங்க மிஸ் நெட்டி. எதாவது பேசுங்க."

"அந்தாளுக்குப் பதினோரு மணி மாத்திர..." என்றாள் நெட்டி. "என் பையில இருக்கு. பை அங்கயே..."

"எடுத்துக்கலாம். வார விடாதீங்க."

"வெரல் மரத்துப்போச்சு. புடிச்சிருக்கனா?"

"புடிச்சிருக்கீங்க," என்றாள் வெல்டா. நெட்டியின் பிடி தளர்ந்திருந்தது. ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டு, மறு கையால் அந்த வாரைத் தானே இறுக்கிப் பிடித்தாள். நெடுஞ்சாலை வந்ததும் நெட்டியின் சட்டைப் பையிலிருந்த கைப்பேசியில் சிக்னல் வந்தது; ஒரு கணம் நிறுத்தி வெல்டா அதில் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் எதிரே புறப்பட்டு வந்து, பதினெட்டாவது மைலில் இருந்த பெட்ரோல் பங்க்கில் சந்தித்தது. நெட்டியை இறக்கியவர்கள் வெல்டாவின் விரல்களை வாரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

நெட்டி பிழைத்தாள். ஐந்து மணி நேர அறுவை. அதன் பிறகு கோல் இல்லாமல் அவளால் நடக்க முடியவில்லை.

வனக்காவலர்கள் மேடைக்குப் போனபோது பிளாசிட் செத்த பன்றிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் அவர் பக்கத்தில் படுத்திருந்தது. ஓவி இல்லை. ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு சதுப்புக்குள் இறங்கிப் போய்விட்டான். மூன்றாம் நாள், சித்தப்பா மகனின் மீன்பிடிக் குடிசையில், கை பலாக்காய் மாதிரி வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவனைப் பிடித்தார்கள்.

"உங்க தம்பி எங்கிட்ட ஒரு வார்த்த பேசல," என்று பிளாசிட் பிறகு ஆஸ்பத்திரியில் வெல்டாவிடம் சொன்னார். "ஒத்தக் கையால அந்த நாயோட கொடல உள்ள தள்ளப் பாத்துக்கிட்டே இருந்தான். அது செத்தப்புறமும் தள்ளிக்கிட்டு இருந்தான். அப்புறம் எழுந்திருச்சு தண்ணி பாட்டில எம் பக்கம் உருட்டி விட்டான். போயிட்டான்."

வெல்டா விலாக் கட்டோடு தன் மேலதிகாரியிடம் போய், மார்ச் மாதத் தடங்களைப் பற்றிச் சொன்னாள். தொத்திறைச்சியைப் பற்றியும் சொன்னாள். "இத நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றார். "தெரியும்," என்றாள். இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

வழக்கு வசந்தத்தில் வந்தது. சாட்சி சொல்லும் முன் அரசு வக்கீல் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "பயந்து அடிச்சேன்னு சொன்னாப் போதும். வேற எதுக்குள்ளயும் போகாதீங்க," என்றார்.

ஓவியின் வக்கீல் மெதுவான குரல் உள்ள மனிதர். அவளை அவமானப்படுத்தவில்லை.

"எத்தன அடி அடிச்சீங்க மிஸ் ரிஷார்?"

"மூணு."

"சாவி உங்க கைக்கு எப்ப வந்துச்சு?"

"ரெண்டாவதுக்கு அப்புறம்."

"அப்ப அவர் நின்னுக்கிட்டு இருந்தாரா?"

"இல்ல. கீழ கெடந்தான்."

"அப்ப மூணாவது எதுக்கு?"

நீதிமன்றத்தில் சித்தப்பா வீட்டு ஆட்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அன்று காலை அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஓவி மேஜைக்குப் பின்னால், இரும்புப் பட்டை போட்ட கையை மடியில் வைத்திருந்தான். அவன் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம் என்கிற மாதிரி.

"அடிக்கணும்னு இருந்துச்சு, அடிச்சேன்," என்றாள் வெல்டா. "பயந்து இல்ல. அந்தக் கையாலதான் எட்டு வருஷத்துக்கு முன்னாடி என் ரெண்டு பல்ல ஒடச்சான். வழுக்கி விழுந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். எங்க அம்மாகிட்டயும் அதத்தான் சொன்னேன். நான் விழல."

சித்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீல் காகிதத்தை மடித்தார். "வேற கேள்வி இல்ல," என்றார்.

ஓவிக்கு நான்கு வருஷம் கிடைத்தது. அவன் வலது கையில் மூன்று விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வெல்டாமேல் வழக்குப் போட வேண்டாம் என்று அரசு முடிவு செய்தது. அந்த முடிவு அவளுக்கு நிம்மதி தரவில்லை. துக்கமும் தரவில்லை.

தீர்ப்பன்று அவளே வண்டியோட்டிக்கொண்டு திரும்பினாள். பாதி வழியில், பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு கடையில் நிறுத்தினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அகோரப் பசி. சோறு அடைத்த சூடான தொத்திறைச்சி இரண்டு வாங்கி, வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றபடியே தின்றாள். கடைக்காரப் பெண் வெளியே வந்து குப்பைத் தொட்டியை இழுத்து வைத்தாள்.

"காரம் அதிகமா?" என்று கேட்டாள். "கண்ணுல தண்ணி வருதே."

"இல்ல," என்றாள் வெல்டா. "நல்லா இருக்கு. இன்னொண்ணு குடு."